பழுதுபட்ட லென்சும் பத்து நாட் பாடமும்

சென்ற தைப்பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நம் மன்றத்தின் செயற்குழு கூடி வேலைகளைப் பங்கிட்டது. கோலப் போட்டி ஒருவருக்கு, பட்டிமன்றம் மற்றொருவருக்கு, கரும்பு வாங்கி வருவது மூவருக்கு என்று பிரித்த பின்னர், விழாவைப் படமெடுக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. "உன்னிடந்தான் உன் மாமாவின் காமிரா இருக்கிறதே!" என்றனர் நண்பர்கள். இருந்தது உண்மைதான். அதன் ஜூம் லென்சு பழுதுபட்டுக் கிடந்ததும் உண்மைதான். முன்னதை அனைவரும் அறிந்திருந்தனர்; பின்னதை நான் சொல்லவில்லை. சொல்ல நாணினேன் என்பதே சரி.

என் தாய்மாமன் கும்பகோணத்தில் நெடுங்காலம் நிழற்படக் கடை வைத்திருந்தவர். அந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் கூடத்தில் மாட்டியிருக்கும் திருமணப் படங்கள் அவர் எடுத்தவை. பௌதிக முதுகலை படிக்க நான் ஐதராபாத்துக்கு வந்தபோது, தம்முடைய பழைய பிலிம் காமிராவையும், 1980-களில் வாங்கிய 35–70 மில்லிமீட்டர் ஜூம் லென்சையும் என் கையில் கொடுத்து, "என் கண்ணுக்கும் புரை வந்தாச்சு. இனி நீ எடு, மாப்பிள்ளே. ஆனா பெட்டிக்குள்ளே போட்டு மூடி வைக்காதே" என்றார். நானோ இரண்டு மழைக்காலம் அதைத் தோற்பைக்குள் மூடியே வைத்திருந்தேன். அதன் பயனைத்தான் அந்தப் பத்து நாளில் அனுபவித்தேன்.

இக்கட்டுரை அந்த அனுபவத்தைக் கூறுவது. லென்சு ஒன்று எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு கெடுகிறது, வீட்டில் இருந்தபடியே அதனை எவ்வளவு தூரம் சீர்செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பனவற்றை நண்பர்கள் அறிந்துகொள்வது நலம். நான் செய்த பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறர் அதனைச் செய்யாதிருக்க அது உதவும்.

கடைக்காரரும் சாச்சாவும்

முதலில் லென்சை ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்தவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "உதிரிப் பாகம் கிடைக்காது. செய்தாலும் லென்சின் விலையைவிடக் கூலி மிகும். புதிது வாங்கிக்கொள்" என்றார். இன்று பெரும்பாலான பொருள்களுக்கு நமக்குக் கிடைக்கும் விடை இதுதான். பொருளை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அதைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்திருப்பதும், 2022 ஜூலையில் மைய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இது குறித்து ஒரு குழுவை அமைத்ததும் இதனாலேயே.

அடுத்து கோட்டிப் பகுதிச் சந்து ஒன்றில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் போனேன். கடிகாரமும் காமிராவும் பழுதுபார்த்து வாழ்ந்தவர். இப்பொழுது கை நடுங்குவதால் கடிகாரத்துக்குப் பட்டையும் பாட்டரியும் மாற்றுவதோடு சரி. எல்லாரும் அவரைச் 'சாச்சா' என்றே அழைக்கின்றனர். அவர் லென்சை வாங்கிக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். உள்ளே ஏதோ 'கிலுக்'கென்றது. வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். வளையத்தைத் திருப்பினார். பிறகு, "மூன்று நோய். மூன்றும் தீரும். என் கை ஆகாது, உன் கை ஆகும்" என்றார். நான் தயங்கினேன். அவர் தக்கணி உருதுவில் சொன்னது இரண்டே சொல்: "ஜல்தி நக்கோ." அவசரம் வேண்டா என்பது பொருள். இவ்வேலைக்கு இதனினும் சிறந்த அறிவுரை கிடையாது என்பதைப் பின்னர்த்தான் உணர்ந்தேன்.

லென்சின் உள்ளே

பழுது பார்க்குமுன் பொருளை அறிய வேண்டும். ஒரே ஒரு குவிவில்லையைக் கொண்டும் படம் எடுக்கலாம். ஆனால் ஓரங்கள் மங்கும். நிறங்கள் பிரிந்து தெரியும். இக்குறைகளைத் தீர்க்கப் பல வில்லைகளை அடுக்கி ஒரு லென்சாக்குகின்றனர். பொருளின் உருவம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை முடிவு செய்வது லென்சின் குவியத் தூரம். அது 35 மி.மீ. ஆயின் விரிந்த காட்சி கிடைக்கும். 70 மி.மீ. ஆயின் காட்சி குறுகி, உருவம் இரு மடங்கு பெரிதாகும்.

சாதாரண லென்சில் குவியத் தூரம் மாறாது. ஆதலின் உருவம் பெரிதாக வேண்டுமாயின் படமெடுப்பவர்தாம் நடந்து முன்னே செல்ல வேண்டும். இந்நகரில் வாழ்ந்து, ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் அரசவைப் படக்கலைஞராக விளங்கிய ராஜா தீன் தயாள் (1844–1905) அரண்மனைகளையும் வேட்டைகளையும் கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்த காலத்தில் ஜூம் கிடையாது. கனத்த பெட்டியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு இடம் மாற வேண்டியிருந்தது. குவியத் தூரத்தை மாற்றவல்ல லென்சுக்கு 1902-இல் அமெரிக்காவில் கிளைல் ஆலன் என்பவர் காப்புரிமை பெற்றார். திரைப்படக் காமிராக்களில் அது முதலில் புகுந்தது. 35 மி.மீ. பிலிம் காமிராவுக்கென முதல் ஜூம் லென்சு 1959-இல்தான் வெளிவந்தது. பிராங்க் பேக் வடிவமைத்த 'சூமார்' என்னும் 36–82 மி.மீ. லென்சு அது.

என் மாமாவின் லென்சில் வில்லைகள் இரு தொகுதிகளாக நின்றன. முன்தொகுதி ஒளியை விரிப்பது, பின்தொகுதி குவிப்பது. இரண்டும் விலகி நிற்கும்போது குவியத் தூரம் 35 மி.மீ.; நெருங்கி வரும்போது 70 மி.மீ. ஜூம் வளையத்தைத் திருப்பினால் இவ்விரண்டும் வெவ்வேறு அளவில் நகர வேண்டும். இதற்காக ஓர் உலோகக் குழலில் வளைந்த பள்ளங்களை வெட்டி, அதனுள் இருக்கும் மற்றொரு குழலில் நேரான பள்ளங்களை வெட்டியுள்ளனர். இரு பள்ளங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சிறிய உருளைகள் நிற்கின்றன. வெளிக்குழல் சுழலும்போது உருளைகள் நேர்ப்பள்ளத்தின் வழியே முன்னும் பின்னும் ஓடுகின்றன. சுழற்சி நேர் நகர்ச்சியாக மாறும் இவ்வித்தை, தையற்பொறியின் உள்ளும் இருப்பதுதான்.

பின்தொகுதியின் நடுவே கண்ணின் பாவையைப் போன்ற ஒரு துவாரம் உண்டு. மெல்லிய எஃகு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அதைச் சுருக்கவும் விரிக்கவும் செய்கின்றன. வளையத்தின்மீது 3.5, 5.6, 8, 11 என்று பொறித்திருக்கும் எண்கள், குவியத் தூரம் அத்துவாரத்தின் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும். ஆகவே எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுகும்.

மூன்று நோய்கள்

சாச்சா சொன்ன மூன்று நோய்கள் இவை. முதலாவது, ஜூம் வளையம் 35-இலிருந்து புறப்பட்டு 50-ஐத் தொட்டதும் 'கரகர'வென்று நின்றுவிட்டது. இரண்டாவது, எண் 16-இல் வைத்தாலும் இதழ்கள் மூடவில்லை. அவற்றின்மீது எண்ணெய் மினுமினுத்தது. மூன்றாவது, முன்தொகுதியின் உட்புறக் கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற வெண்ணூல்கள் படர்ந்திருந்தன. பூசணம்!

நோயை அறிவதற்குச் சில எளிய சோதனைகள் போதும். லென்சின் பின்புறமிருந்து கைவிளக்கைச் சாய்வாகப் பாய்ச்சி முன்புறமிருந்து பார்த்தால் பூசணமும் தூசியும் தெரியும். காதருகே ஆட்டிப் பார்த்தால் கழன்ற திருகாணியின் ஓசை கேட்கும். வளையத்தைத் திருப்பும்போது வழுக்கிச் செல்கிறதா, உரசுகிறதா, ஓர் இடத்தில் மட்டும் தடுக்கிறதா என்று விரலால் உணரலாம். எல்லா இடத்திலும் கனமாகச் சுழன்றால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் தடுத்தால் பாகம் எதுவோ இடம் பெயர்ந்திருக்கிறது. பிரிப்பதற்குமுன் நோயை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நோய் எது, நாம் உண்டாக்கியது எது என்று பின்னர்த் தெரியாது.

கருவிகள்

கருவிகளில் முதன்மையானது திருப்புளி. ஜப்பானிய லென்சுகளின் கூட்டல்குறித் திருகாணிகள், நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கு உரியவை போலத் தோன்றினும் அவை வேறு. ஜப்பானியத் தரமுறையில் அமைந்த அத்தலைகளில் பிலிப்ஸ் முனை அடிவரை அமராது. அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். தேய்ந்த திருகாணியைக் கழற்றுவதைப்போல் துன்பம் வேறில்லை. ஆகவே அம்முறைக்குரிய திருப்புளியையே வருவித்தேன்.

பிற கருவிகள் எளியவை: வில்லைகளைத் தாங்கும் வளையங்களின் இரு குழிகளில் பொருந்தும் இருமுனைத் திறப்பான், இடுக்கி, காற்றூதும் ரப்பர்ப் பந்து, காந்தத் துண்டு, ரப்பர்க் கையுறை, ஐசோபுரோபைல் ஆல்கஹால், சிகரெட்டு லைட்டருக்கு ஊற்றும் திரவம், சிறிதளவு கிரீஸ், முட்டை அட்டை ஒன்று. முட்டை அட்டை எதற்கு என்று கேட்கலாம். அதன் ஒவ்வொரு குழியிலும் எண்ணிட்டு, ஒவ்வொரு படியிலும் கழற்றிய திருகாணிகளை வரிசையாக இட்டு வைத்தேன். ஒரே மாதிரித் தோன்றும் திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். நீளமான ஒன்றை இடம் மாற்றிப் பூட்டினால் அது உள்ளே சென்று வேறொரு பாகத்தைக் குத்திவிடும். ஒவ்வொரு படியையும் கைப்பேசியால் படமெடுத்தும் வைத்தேன். ஒவ்வொரு படியையும் என்றா சொன்னேன்? ஒன்றைத் தவிர. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

தார்நாக்காவில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் மேசைமீது வெள்ளைப் போர்வையை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். உடனுறையும் தெலுங்கு நண்பர் துணைக்கு அமர்ந்தார்.

பிரித்தல்

முன்புறத்தில் லென்சின் பெயர் பொறித்த வளையம் இருக்கிறது. அதற்குத் திருகாணியும் கிடையாது, குழியும் கிடையாது. சரியான அளவுள்ள ரப்பர் மூடியொன்றை அழுத்தித் திருப்பினால் உராய்வினாலேயே கழன்று வரும். அதன் அடியிலிருந்த மூன்று சிறு திருகாணிகளைத் தளர்த்தியதும் குவியத்தைச் சரிசெய்யும் வளையம் வெளிவந்தது. அதன் உள்ளே முன்தொகுதி, திருகு மரையில் அமர்ந்திருந்தது. அதைத் திருகி வெளியே எடுத்தேன்.

பின்புறத்தில் காமிராவோடு பொருந்தும் உலோக வளையத்தை ஐந்து திருகாணிகள் பிடித்திருந்தன. அவற்றின் மரையில் தொழிற்சாலைக்காரர் பசை தடவியிருப்பர். வலிந்து திருகாமல், சூடான பற்றவைப்புக் கோலின் நுனியைத் திருகாணித் தலைமீது சில நொடி வைத்தால் பசை இளகும். உலோக வளையத்தின் அடியில் தாள் போன்ற மெல்லிய பித்தளைத் தகட்டு வளையங்கள் இரண்டு கிடந்தன. லென்சுக்கும் பிலிமுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் துல்லியமாக்கும் இவற்றைத் தொலைக்கவோ வளைக்கவோ கூடாது.

அடுத்துத் துவார வளையத்தைத் தூக்கினேன். 'டிக்' என்று ஓர் ஓசை. கடுகினும் சிறிய எஃகுக் குண்டு ஒன்று பறந்து கட்டிலுக்கு அடியில் மறைந்தது! வளையத்தைத் திருப்பும்போது எண்ணுக்கு எண் 'டிக் டிக்' என்று நிற்கச் செய்வது அக்குண்டுதான். நண்பரும் நானும் அரைமணி நேரம் தரையில் தவழ்ந்தோம். இறுதியில் காந்தம்தான் கண்டுபிடித்துக் கொடுத்தது. இவ்வளையத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டே தூக்கினால் இத்துன்பம் நேராது.

சீர்செய்தல்

ஜூம் வளையத்தின் ரப்பர் உறையை உருவி, அடியில் ஒட்டியிருந்த நாடாவை உரித்ததும் உருளைகள் தெரிந்தன. மூன்று உருளைகளில் ஒன்றின் திருகாணி பாதி கழன்றிருந்தது. அதன் நைலான் வளையம் வெடித்துப் பள்ளத்தில் செருகிக் கிடந்தது. 50-இல் வளையம் நின்றதற்குக் காரணம் இதுவே. வெடித்ததை எடுத்துக்கொண்டு சாச்சாவிடம் ஓடினேன். அவர் ஒரு பிஸ்கட்டுத் தகரத்தைக் கவிழ்த்தார். செத்துப்போன லென்சுகளிலிருந்து அவர் ஆண்டுக்கணக்கில் கழற்றிச் சேர்த்த உருளைகள், சுருள்வில்கள், திருகாணிகள் கொட்டின. அளவு பார்த்து 4 மி.மீ. விட்டமுள்ள பித்தளை உருளை ஒன்றைத் தேர்ந்து கொடுத்து ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். கிடைக்காது என்ற உதிரிப் பாகம் அங்கே கிடைத்தது. உருளையைப் பூட்டியபின் திருகாணி மீண்டும் கழலாதிருக்க அதன் தலையில் ஒரு துளி நகப்பூச்சு இட்டேன். அந்தப் பூச்சை மன்றத் தோழி ஒருவரிடம் கேட்டு வாங்கியபோது, எதற்கு என்பதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்து இதழ்கள். மரைகளுக்கு இட்ட கிரீஸிலிருந்து நாளடைவில் எண்ணெய் பிரிகிறது. கோடையில் நாற்பது டிகிரி வெப்பம் காணும் இந்நகரில் அது எளிதில் இளகி ஓடி இதழ்களுக்கிடையே புகுந்து அவற்றை ஒட்டவைக்கிறது. இதழ்களுக்கு முன்னும் பின்னும் இருந்த வில்லைகளைக் கழற்றிப் பாதுகாப்பாக வைத்துவிட்டு, லைட்டர்த் திரவத்தைத் துளித்துளியாக விட்டு, இதழ்களைப் பலமுறை திறந்து மூடி, மென்துணியால் ஒற்றி எடுத்தேன். ஐந்தாறு முறைக்குப் பின் அவை உலர்ந்து, விரல் பட்டவுடன் பறவை இமை போல் மூடித் திறந்தன. இதழ்களுக்கு எக்காலத்தும் எண்ணெய் இடலாகாது. அவை உலர்ந்தே இயங்க வேண்டியவை. இத்திரவம் எளிதில் தீப்பற்றும். ஆகவே பற்றவைப்புக் கோலைத் தொலைவில் வைத்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது பூசணம். அதன் நுண்விதைகள் காற்றில் எங்கும் உள்ளன. ஈரமும் இருளும் அசையாத காற்றும் கிடைத்தால், கண்ணாடியின் மீதுள்ள தூசியையும் எண்ணெய்ப் பசையையும் உண்டு அவை முளைக்கின்றன. வளரும்போது வெளியிடும் அமிலம் முதலில் வில்லையின் மேற்பூச்சையும் பின்னர்க் கண்ணாடியையும் அரிக்கும். ஆல்கஹால் தோய்த்த மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வட்டமாகத் துடைத்தேன். எஞ்சிய நூல்களை, மருந்துக்கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடை நீர்த்துத் தடவி நீக்கினேன். வலை மறைந்தது, ஓரத்தில் மட்டும் மெல்லிய தழும்பு நின்றது.

தழும்பு படத்தில் தெரியுமா என்று அஞ்சினேன். தெரியாது. காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி முன்வில்லையின் பெரும்பகுதியில் பரவித்தான் நுழைகிறது. ஆதலின் வில்லையின் ஒரு புள்ளியிலுள்ள குறை படத்தின் ஒரு புள்ளியில் விழாது. எதிரே விளக்கு இருந்தால் மட்டும் ஒளி சிதறிப் படம் சற்று வெளுக்கும். பின்வில்லையில் குறை இருந்தால்தான், அது பிலிமுக்கு அருகில் இருப்பதால், நிழலாக விழக்கூடும்.

நான் செய்த பிழை

எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி முடித்தபோது இரவு இரண்டு மணி. லென்சைக் காமிராவில் மாட்டி மூன்று மீட்டரில் இருந்த சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. வென்றுவிட்டோம் என்று உறங்கப் போனேன்.

விடிந்ததும் மொட்டை மாடிக்குச் சென்று மௌலாலிக் குன்றை நோக்கினேன். சில கிலோமீட்டர் தொலைவில், உச்சியில் தர்காவோடு நிற்கும் பாறைக் குன்று அது. குவிய வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்தும் குன்று கம்பளி போல் மங்கலாகவே தெரிந்தது. வளையம் அதற்குமேல் திரும்பவும் இல்லை. காமிராவை எதிர்வீட்டுச் சுவர்களின் பக்கம் திருப்பிப் பார்த்ததில், முடிவிலி என்று காட்டிய இடத்தில் லென்சு உண்மையில் 4 மீட்டர்த் தூரத்தையே குவித்துக்கொண்டிருந்தது. மேடையில் பேசுவோரைக் கூடத்தின் பின்வரிசையிலிருந்து எடுக்க முடியாது. விழாவுக்கு மூன்று நாள்!

என்ன நேர்ந்தது? முன்தொகுதி அமரும் மரை, சாதாரணத் திருகாணியின் மரை போல் ஒற்றைத் தொடக்கம் உடையதன்று. சிறிது திருப்பினாலே விரைந்து நகர வேண்டும் என்பதற்காக, அதில் பல மரைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. என் லென்சில் ஆறு தொடக்கங்கள். எந்தத் தொடக்கத்தில் நுழைத்தாலும் மரை இனிமையாகத் திருகிக்கொண்டு போகும். ஆனால் ஆறில் ஒன்றே சரியானது. ஆகவேதான் மரை பிரியும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று சாச்சா சொல்லியிருந்தார். நானும் குறித்தேன், மைப்பேனாவால் குறித்தேன்! ஆல்கஹால் கொண்டு துடைத்தபோது பூசணத்தோடு அந்தக் கோடும் போய்விட்டது. அந்த ஒரு படியைத்தான் படமெடுக்கவும் மறந்திருந்தேன். ஊசியால் கீறியிருந்தால் கோடு நின்றிருக்கும்.

குன்று காட்டிய வழி

அன்று மாலை மாமாவைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எழுபதிலே மட்டும் மங்கலா, முப்பத்தஞ்சிலேயும் அதே மங்கலா? அதைப் பார்த்துச் சொல்லு, மாப்பிள்ளே" என்றார். அந்த ஒரு கேள்வியில் நான் வகுப்பில் படித்த பௌதிகம் முழுதும் இருந்தது.

அதனை விளக்குகிறேன். முடிவிலியில் உள்ள பொருளின் உருவம் சரியாகக் குவியத் தூரத்தில் விழும். 4 மீட்டரில் உள்ள பொருளின் உருவமோ அதற்குச் சற்றுப் பின்னே விழும். வகுப்பில் படித்த வில்லைச் சமன்பாட்டின்படி, 70 மி.மீ. குவியத் தூரத்துக்கு அந்த வேறுபாடு 1.25 மி.மீ.; 35 மி.மீ. குவியத் தூரத்துக்கு 0.31 மி.மீ. குவியத் தூரம் இரட்டிப்பானால் பிழை நான்கு மடங்காகிறது. இத்தகைய லென்சு 3.5 என்னும் துவாரத்தில் பொறுக்கக்கூடிய பிழையோ ஏறத்தாழ 0.1 மி.மீ.தான்.

ஆகவே முன்தொகுதி இடம் தவறி அமர்ந்திருந்தால் 70-இல் மங்கல் மிகவும் கூடுதலாகவும், 35-இல் குறைவாகவும் இருக்கும். மாறாக, பின்புறத்துப் பித்தளைத் தகடு தவறியிருந்தால் லென்சு முழுவதுமே பிலிமிலிருந்து விலகிவிடுவதால், பிழையின் அளவு இரு முனையிலும் ஒன்றாகவே இருக்கும். மங்கலின் தன்மையைக் கொண்டே நோயின் இடத்தை அறிந்துவிடலாம். நான் பார்த்தேன். 70-இல் குன்றே தெரியவில்லை. 35-இல் தர்காவின் உருவம் ஓரளவு தெரிந்தது. பிழை முன்புறத்தில்தான்.

மறுநாள் காலை மொட்டை மாடியிலேயே முக்காலியை நிறுத்தினேன். மாமாவின் காமிராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் தண்டவாளங்களின் மீது மங்கலான ஒளி கசியும் தாளை இழுத்து ஒட்டினேன். திரையைத் திறந்தே வைத்தால் பிலிமில் விழும் உருவம் அத்தாளில் தலைகீழாக விழும். அதை உருப்பெருக்கியால் காணலாம். பழைய லென்சை டிஜிட்டல் காமிராவில் இடைவளையம் போட்டு மாட்டியும் சோதிக்கலாம். ஆனால் அவ்விடைவளையங்கள் பலவற்றின் தடிப்பு நூலிழை முன்பின்னாக இருக்குமாதலால் அவற்றை நம்பி முடிவிலியைத் தீர்மானித்தல் ஆகாது.

குறியாக மீண்டும் மௌலாலிக் குன்றையே கொண்டேன். 3 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொருளுக்கும் முடிவிலிக்கும் 70 மி.மீ. லென்சில் உள்ள வேறுபாடு 0.002 மி.மீ.க்கும் குறைவு. ஆகவே நமக்கு அக்குன்றே முடிவிலி. முன்தொகுதியைக் கழற்றி அடுத்த தொடக்கத்தில் நுழைத்தேன், மங்கல் மிகுந்தது. எதிர்த்திசையில் ஒன்று தள்ளி நுழைத்தேன். தாளில் தர்காவின் வெண்சுவர் தலைகீழாக, கூர்மையாக நின்றது! 35-க்குத் திருப்பினேன்; கூர்மை மாறவில்லை. உடனே ஊசியை எடுத்து மரையின் வாயில் ஒரு கோடு கீறினேன். அதன்பின்தான் தேநீர் குடித்தேன்.

தொலைவிலுள்ள பொருளைக் கொண்டு கண்ணாடியைச் செம்மைப்படுத்தும் இவ்வேலை இந்நகருக்குப் புதிதன்று. நவாப் சபர் ஜங் 1901-இல் நிறுவிய நிஜாமியா வானாய்வு நிலையத்தில், விண்மீன்களைப் படமெடுத்து வானத்தின் வரைபடம் தயாரிக்கும் உலகப் பெரும்பணியின் ஒரு பங்கு நிறைவேறியது. அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் 1918 முதல் நெடுங்காலம் இருந்தவர் டி. பி. பாஸ்கரன். அவர்களுக்கு விண்மீன் முடிவிலி, எனக்கு மௌலாலி. அளவில் வேறுபாடு உண்டாயினும் முறை ஒன்றே.

திறக்கக் கூடாதவை

இதைப் படித்துவிட்டு நண்பர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் பிரிக்கத் தொடங்கிவிட வேண்டா. நான் திறந்தது கையால் இயங்கும் பழைய லென்சு. இக்காலத்து லென்சுகளின் உள்ளே மோட்டாரும், தாளினும் மெல்லிய மின்நாடாக்களும் மடங்கிக் கிடக்கின்றன. ஜூமைத் திருப்புந்தோறும் மடங்கி விரிவதால் அந்நாடாக்கள் இற்றுப்போவது உண்டு. அவற்றை மாற்ற நல்ல கைப்பழக்கம் தேவை. சில வில்லைகளைத் தொழிற்சாலையில் ஒளிக்கதிர் கொண்டு மையப்படுத்திப் பூட்டியிருப்பர். அவற்றின் திருகாணிகளைத் தொட்டால் படத்தின் ஒரு பக்கம் என்றென்றும் மங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பளிச்சொளி விளக்கு உள்ளமைந்த காமிராவின் உடலைத் திறக்கவே கூடாது. அவ்விளக்குக்குரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பாட்டரியைக் கழற்றிய பின்னும் அது தாக்கும்.

வருமுன் காத்தலே எளிது. தோற்பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அதற்குள் லென்சை நெடுநாள் வைத்தல் கூடாது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். 'பெட்டிக்குள்ளே மூடி வைக்காதே' என்று மாமா சொன்னதன் பொருள் இதுதான் என்று இப்பொழுது தெரிகிறது.

பொங்கலன்று பானை பொங்கியபோது எடுத்த படம் இம்மலரின் நடுப்பக்கத்தில் உள்ளது. வலப்புற மேல் மூலையில், சூரியன் இருக்குமிடத்தில், சற்று வெளுப்பைக் காணலாம். பூசணத்தின் தழும்பு அது. அப்படத்தின் பிரதி ஒன்றை மாமாவுக்கு அனுப்பினேன். சாச்சாவுக்கு ஒன்றை நேரில் கொடுத்தேன். மாமா, அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கடையில் மாட்டியிருப்பதாக அத்தை சொன்னார். சாச்சா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வெளுப்பில் விரலை வைத்தார். பிறகு, "அடுத்த லென்சு எப்போது?" என்று கேட்டார்.

சனிக்கிழமை பிற்பகல்களில் இப்பொழுது அவர் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். பிஸ்கட்டுத் தகரத்தில் உள்ளவற்றை அளவு பார்த்துப் பிரித்து வைப்பது என் முதற்பாடம். அவர் கை நடுங்குகிறது. கண்ணும் அறிவும் நடுங்கவில்லை. அவர் அறிந்தது அவரோடு போய்விடலாகாது. மன்ற நண்பர் எவரேனும் உடன்வர விரும்பினால் என்னிடம் சொல்லுங்கள். அங்கே இன்னும் ஒரு முக்காலிக்கு இடம் உண்டு.